தண்ணீர் காட்டிய சக்கரங்கள்

அந்த வருஷம் ஆகஸ்ட் மாதம் கிளேபர்க் ஊரில் முனகாத வண்டியே இல்லை. மே மாதக் கடைசியில் பெய்ததுதான் மழை. அதற்குப் பிறகு இண்டியானாவின் அந்த மூலையில் வானம் கண்ணைத் திறக்கவில்லை. சோளத் தோகைகள் சுருட்டு மாதிரி சுருண்டுபோய் நின்றன. கிணற்றில் வாளியை விட்டால் தரையில் மோதும் சத்தம் முதலில் வரும், சேறு பிறகு வரும். சக்கரங்களில் மரம் காய்ந்து சுருங்கி, ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளே பல் ஆடுகிற மாதிரி ஆடின. தெருவில் ஒரு வண்டி போனால் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. முனகலை வைத்தே யார் வீட்டு வண்டி என்று சொல்லிவிடலாம்.

அதற்கு எங்கள் ஊரில் ஒரே வைத்தியம்தான். சாயங்காலம் வண்டியைச் சைக்கமோர் ஓடைத் துறையில் இறக்கி நிறுத்திவிட வேண்டும். ஊற்று ஓடை அது, எந்தப் பஞ்சத்திலும் முழங்காலளவு தண்ணீர் இருக்கும். விடியும்போது மரம் ஊறி உப்பி, ஆரக்கால் எல்லாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி இதைச் 'சக்கரத்துக்குத் தண்ணி காட்டுறது' என்பார்கள். நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கியிலிருந்து பிழைக்க வந்தவள். வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு எனக்கும் பழகிவிட்டது.

தாக்ஸ்டன் வண்டி என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அப்பன் காலத்திலிருந்து வந்த பெயர். மகன் தாக்ஸ்டனுக்கு ஐம்பது வயது நெருங்கும்போது மோட்டார் ஆசை பிடித்தது. வண்டிப் பட்டறையிலேயே கார் செய்ய ஆரம்பித்தார். எஞ்சின் மட்டும் மிச்சிகனிலிருந்து பெட்டியில் வரும். உடம்பு, சக்கரம், சாயம், மெத்தை எல்லாம் நாங்கள் செய்ததுதான். வசந்த காலத்தில் இலைக்கு முன்னால் பூக்கிற ரெட்பட் மரத்தின் பெயரையே காருக்கும் வைத்தார். அந்த மரத்தில் பூ அதிக நாள் நிற்காது என்பதை அவர் யோசிக்கவில்லை. ரெட்பட் மோட்டார் கம்பெனி மூன்று வருஷம் இருந்தது. இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் அப்படி ஒரு கார் இருந்ததா என்று கேட்கிறார்கள். இருந்தது. அதன் இருக்கைகளுக்குக் குதிரைமயிர் அடைத்துத் தோல் தைத்தவள் நான்தான்.

வண்டிக்காரர்கள் செய்த கார், வண்டிக்காரர்கள் வாங்கிய கார். பட்டறை வாசலில் காரை ஒப்படைக்கும்போதே சொல்லி அனுப்புவார்கள்: வெயில் காலத்தில் சக்கரம் முனகினால் தண்ணீர் காட்டுங்கள். அதனால் சனிக்கிழமை சாயங்காலங்களில் துறையில் வண்டிகளும் ரெட்பட்களும் மாடுகள் போல வரிசையாகத் தண்ணீரில் நிற்கும். பார்க்க அழகாகக்கூட இருக்கும்.

நான் டீக்மன் வீட்டில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். லோரன்ஸ் டீக்மன் பட்டறையில் சக்கரப் பிரிவுக்கு மேஸ்திரி. ஜெர்மானியக் குடும்பம், லூத்தரன் கோயில், ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கோட்டு. மனிதர் அதிகம் பேச மாட்டார். பேச வேண்டியதையெல்லாம் அவர் மனைவி மின்னா பேசிவிடுவாள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, தியோ. இருபத்திரண்டு வயதில் எஞ்சின் பிரிவில் வேலை. வாய் ஓயாது. அம்மாவைக் கொண்டவன்.

சக்கரம் செய்கிற ஹிக்கரி மரம் மூன்று வருஷம் கூரைக்குக் கீழே காற்றில் காய வேண்டும் என்பது லோரன்ஸின் வேதம். ஆனால் இரண்டாம் வருஷம் காருக்கு ஆர்டர் வந்து குவிந்தது. கொட்டகையிலிருந்த பழைய மரம் தீர்ந்துபோனது. பச்சை மரத்தை வெந்நீராவி அறையில் வைத்துச் சில வாரங்களில் காய வைத்தார்கள். லோரன்ஸ் முதலில் முறைத்தார், முணுமுணுத்தார், பிறகு அடங்கிவிட்டார். சுருங்கினால் என்ன, தண்ணீர் இருக்கிறது அல்லவா என்று அவரே அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஊரில் எல்லாருக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது.

அந்தக் கோடையில் மேற்கே கான்சஸ் பக்கமிருந்து குறைகள் வர ஆரம்பித்தன. சக்கரம் லொடலொடக்கிறது என்றார்கள். தாக்ஸ்டன் ஒரு முடிவு எடுத்தார். இண்டியானாபோலிஸில் மாநிலக் கண்காட்சி. அதுவரைக்கும் நூறு மைல் நிற்காமல் ஒரு ரெட்பட்டை ஓட்டிக் காட்டினால் எல்லார் வாயும் அடங்கிவிடும். ஓட்டுவதற்கு ஹார்லன் என்று வெளியூர் ஆள் ஒருவனைப் பிடித்தார். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் பம்ப் அடித்துக்கொண்டு எஞ்சினைப் பார்த்துக்கொள்ள தியோ.

புறப்படுவதற்கு முந்தின நாள் சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தோம். பன்றிக்கறியோடு வேகவைத்த புளித்த முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, கம்பு ரொட்டி. தியோ மட்டும்தான் ருசித்துச் சாப்பிட்டான்.

"கோரா அக்கா, நூறு மைலு உங்க சீட்டுலதான் உக்காரப் போறேன். எங்கயாச்சும் ஆணி குத்துச்சு, வந்து உங்களத்தான் புடிப்பேன்."

"அதுல ஆணியே கெடயாது, குதிரைமயிருதான். குத்துச்சுன்னா குதிரையப் போயிக் கேளு."

"கேட்டுட்டுத்தான் வரணும். இன்னும் ரெண்டு வருசத்துல எந்தக் குதிரைக்கும் வேல இருக்காது, பேசறதுக்கு நேரம் இருக்கும்."

மின்னா கரண்டியைத் தட்டில் வைத்தாள். "ஊர்ல இத்தனை ஆம்பளை இருக்கானுங்க. முதலாளிக்கு என் வீட்டுப் பையன்தான் கண்ணுல பட்டானா?"

"அம்மா, அதுக்கு அவனவன் அடிச்சுக்கறான். நீ என்னமோ போருக்கு அனுப்பற மாதிரி பேசற."

"நீ சும்மா இரு. உன்னைக் கேக்கல." அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அந்தக் காரு சக்கரம் நல்லாருக்கா?"

லோரன்ஸ் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தார். "காலையில நல்லாருக்கும்."

"இப்ப?"

"இப்பக் காஞ்சு கெடக்கு. ஊர்ல எதுதான் காயல?"

"கான்சஸ்காரன் குறை சொன்னானே, அந்த மரமா?"

"எல்லாம் அதே மரந்தான்."

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க? இவன் அதுமேல உக்காந்து போறான். நான் கேக்கறதுக்கு ஒழுங்கா ஒரு பதில் சொல்லுங்க."

லோரன்ஸ் கத்தியைக் கீழே வைத்தார். "மின்னா, என் அப்பாரு செஞ்ச சக்கரத்துலதான் உன்னைக் கோயில்லருந்து வீட்டுக்குக் கூட்டியாந்தேன். அதுக்கு முந்தின ராத்திரி பூரா அது ஓடையில நின்னுச்சு. வழியில ஒடஞ்சுதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

மின்னா கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சாயங்காலம் துறைக்குப் போனோம். ஹார்லன் காரை மெதுவாகத் தண்ணீரில் இறக்கி நிறுத்தினான். இண்டியானாபோலிஸில் இப்படி யாரும் செய்து அவன் பார்த்ததில்லையாம். தோளைக் குலுக்கிவிட்டுக் கரையில் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தான். லோரன்ஸ் தன் வண்டியையும் கொண்டுவந்திருந்தார். அந்த வீட்டுக் குதிரைகள் ஜூனோவும் பெக்கும் துறையின் நடுவில் வந்ததும் தாமாகவே நின்றுவிடும். ஓடையைக் கடக்கும்போதெல்லாம் சக்கரம் கொஞ்சம் நனையட்டும் என்று லோரன்ஸ் நிறுத்தி நிறுத்திப் பழக்கியது. அவர் நாக்கை மேலண்ணத்தில் வைத்து 'த்ளக்' என்று ஒரு சத்தம் கொடுத்தால்தான் நகரும். சாட்டை, கடிவாளம் எதற்கும் மசியாது.

தியோ அப்பாவைப் போலவே நாக்கைச் சொடுக்கினான். குதிரைகள் காதைக்கூட ஆட்டவில்லை.

"பாத்தீங்களா அக்கா? பத்து வருசமா முயற்சி பண்றேன். இதுங்களுக்கு எங்கப்பா நாக்குதான் வேணும். எஞ்சினுக்கு அந்த ராங்கி எல்லாம் கெடயாது. யாரு கைப்பிடியச் சுத்துனாலும் கெளம்பும்."

"யாரு சுத்துனாலும் கெளம்பும், யாரு சொன்னாலும் நிக்காது," என்றார் லோரன்ஸ். அபூர்வமாக வரும் பேச்சு. தியோ விழுந்து விழுந்து சிரித்தான். அவர் நாக்கைச் சொடுக்கினார். குதிரைகள் கரையேறின.

காலையில் மின்னா கூடையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்துவிட்டாள். முந்தின நாள் சோளக்களியைத் துண்டு போட்டுக் கொழுப்பில் பொரித்தது, ஆறின கறி, பிளம்ஸ் பழம் வைத்துச் சுட்ட கேக். கார் கரையேறி நின்றது. லோரன்ஸ் மரச்சுத்தியலை எடுத்து ஓர் ஆரக்காலைத் தட்டினார். 'கிண்' என்றது. நேற்று அதையே தட்டியபோது ஓட்டைப் பானை போல ஒலித்தது.

"எல்லாத்தையும் தட்டுங்க," என்றாள் மின்னா.

"முதலாளி நிக்கறாரு."

"நிக்கட்டும். எல்லாத்தையும் தட்டுங்க. நான் கேக்கணும்."

தாக்ஸ்டன் சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றி, தட்டு என்பது போலக் கையைக் காட்டினார். லோரன்ஸ் குனிந்து ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றி வந்தார். மின்னா பக்கத்திலேயே காதைச் சாய்த்துக்கொண்டு நடந்தாள். சக்கரக்காரன் பெண்டாட்டி, அந்தச் சத்தம் அவளுக்கும் தெரியும். எல்லாம் 'கிண்' என்றன. ஒன்றுகூடப் பிசகவில்லை. அவள் முகம் தெளிந்தது. கூடையைத் தியோவின் மடியில் வைத்து, அவன் கழுத்துத்துணியை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

"போதும்மா, மூச்சு முட்டுது."

"தூசி போகும். கழட்டாத."

கார் போன புழுதி வெகுநேரம் அடங்கவில்லை. நாங்கள் வேலைக்குப் போனோம்.

பிற்பகலில் மெத்தைப் பிரிவில் எங்கள் தையல் எந்திரங்களை ஓட்டும் பட்டைகள் திடீரென்று நின்றன. சங்கு ஊதவில்லை. பட்டறை முழுக்க ஒரே நேரத்தில் சத்தம் அடங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தாக்ஸ்டன் தொப்பி இல்லாமல் முற்றத்தின் குறுக்கே சக்கரப் பிரிவை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அந்த மனிதர் தொப்பி இல்லாமல் வெயிலில் நடந்து யாரும் பார்த்ததில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இண்டியானாபோலிஸ் எட்டுவதற்குக் கொஞ்ச தூரம் முன்னால் ஒரு வளைவு. பின்பக்கச் சக்கரம் ஒன்று குடை மடங்குகிற மாதிரி மடங்கியிருக்கிறது. கார் பள்ளத்தில் கவிழ்ந்தது. ஹார்லனுக்குக் கை முறிந்தது. தியோ காருக்குக் கீழே கிடந்தான். தூக்கி எடுக்கும்போது உயிர் இல்லை.

மறுநாள் ரயிலில் அவனைக் கொண்டுவந்தார்கள். அதே ரயிலில் அந்தச் சக்கரமும் வந்தது. யார் அனுப்பச் சொன்னார்களோ தெரியாது. லோரன்ஸ் அதைக் கொல்லைக்கு எடுத்துப் போனார். முன்னறையில் பிள்ளையைக் கிடத்தி வைத்திருக்கிறது, இந்த மனிதர் கொல்லையில் மரக்கட்டையோடு உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. காப்பியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

"இங்க பாரு கோரா." உடைந்த ஆரக்காலின் அடியைக் காட்டினார். குடத்துக்குள் இருந்த பகுதி நசுங்கி, தேய்த்த கரண்டி மாதிரி பளபளத்தது. "பச்சை மரம். ஊறி உப்பயில எடம் பத்தாம தன்னையே நசுக்கிக்கிச்சு. வெயில்ல ஓடிக் காஞ்சப்ப முன்னைவிட இளைச்சுப் போச்சு. நேத்துக் காலையில இருந்ததைவிட, முந்தாநாள் இருந்ததைவிட."

"வண்டிச் சக்கரம் மட்டும் அப்படி ஆகாதா?"

"ஆகும். அதுவும் நாளாக ஆகத்தான் செய்யும். ஆனா வண்டி நடக்கற நடையிலதான் போகும். முனகும். காதுல விழும். எறங்கிப் பாப்போம்." அவர் அந்தக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவும் முனகியிருக்கும் கோரா. கட்டாயம் முனகியிருக்கும். எஞ்சின் போடற கூச்சல்ல அவனுக்குக் கேட்டிருக்காது."

காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது. எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

அன்று மாலை தாக்ஸ்டன் வந்தார். முன்னறையில் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று அழுதார். நடிப்பில்லை, உண்மையாகவே அழுதார். சின்ன வயதில் லோரன்ஸும் அவரும் ஒரே பட்டறையில் மரத்தூளில் புரண்டவர்கள்.

"லோரன்ஸ், நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். எங்கப்பா இருந்திருந்தா அவரும் அதைத்தான் செஞ்சிருப்பாரு. ஊர்ல யாரா இருந்தாலும்..."

"எல்லாரும் செஞ்சிருப்பீங்க," என்றாள் மின்னா. "செத்தது என் பையன்."

தாக்ஸ்டன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பத்திரிகைக்காரங்க கேட்டா, வளைவுல பெரிய கல்லுல ஏறிடுச்சுன்னு சொல்லலாம்னு இருக்கேன். சக்கரம்னு வெளிய வந்தா பட்டறை நிக்காது லோரன்ஸ். ஊரே அதுலதான் சாப்பிடுது. புது மரம் வாங்கிடலாம். ஒரு வருசம் தாக்குப்புடிச்சா போதும்," என்றார்.

லோரன்ஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்னா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் மனதுக்குள், இந்த மனிதர் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. ஆனால் எனக்கும் வயிறு இருந்தது, வேறு போக்கிடம் இல்லை.

கல்லறை ஓடைக்கு அந்தப் பக்கம், குன்றின் மேல். பிண வண்டியை அமர்த்தலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். லோரன்ஸ் கேட்கவில்லை. தன் வண்டியிலேயே பெட்டியை ஏற்றி, ஜூனோவையும் பெக்கையும் பூட்டினார். மின்னா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டறை ஆட்கள், கோயில் ஆட்கள், தாக்ஸ்டன், எல்லாரும் பின்னால் நடந்தோம். நான்கு சக்கரமும் வழி முழுக்க அழுதுகொண்டே போயின.

துறைக்கு வந்ததும் குதிரைகள் தண்ணீரில் இறங்கி, நடுவில் போய் நின்றுவிட்டன.

எனக்குத் திக்கென்றது. அங்கே நின்றுவிடுமே என்ற நினைப்பே எங்களில் யாருக்கும் முன்னதாக வரவில்லை. குதிரைகளுக்கு என்ன தெரியும்? அவை தினமும் நிற்கிற இடத்தில் நின்றன. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ரெட்பட் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. ஷ்ராக் என்கிற குடியானவனுடைய கார். காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தவன் ஊர்வலத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான். பின்சீட்டில் அவன் பிள்ளைகள் இரண்டு பேர் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

லோரன்ஸ் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு கடிவாளத்தை மின்னாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். கோயில் கோட்டோடு முழங்கால் தண்ணீரில் நடந்து போய், அந்தக் காரின் சக்கரத்தில் கையை வைத்தார்.

"ஷ்ராக், புள்ளைங்கள எறக்கு."

"ஏன் மேஸ்திரி?"

"எறக்கு. இனி இதை ஓட்டாத. இந்தச் சக்கரத்தை நான்தான் செஞ்சேன், நான் சொல்றேன். இது பச்சை மரம். தண்ணி காட்டுனா இன்னும் கெட்டுப்போகும். என் பையன் கல்லுல ஏறிச் சாகல." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். "எல்லாருந்தான் கேட்டுக்கங்க. ரெட்பட் வெச்சிருக்கறவன் எவனும் ஓட்டாதீங்க. தெரிஞ்சவங்களுக்கும் சொல்லுங்க."

தாக்ஸ்டன் எனக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் எல்லார் சோற்றிலும் அந்த நிமிஷம் மண் விழுந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பட்டறைக் கதவைச் சாத்தினார்கள். ஆனாலும் அன்று அங்கே நின்றவர்களில் ஒருவர்கூட, ஏனய்யா சொன்னாய் என்று லோரன்ஸைப் பிற்பாடு கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஷ்ராக் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையில் விட்டான்.

லோரன்ஸ் திரும்பி வந்து வண்டியில் ஏறினார். காலிலிருந்து தண்ணீர் சொட்டியது. மின்னா கடிவாளத்தைச் சுண்டினாள். குதிரைகள் அசையவில்லை. மறுபடியும் சுண்டினாள். பின்னாலிருந்து யாரோ ஹே ஹே என்றார்கள். பெக் தலையைக் குனிந்து தண்ணீரை மோந்தது, அவ்வளவுதான். அவை அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தன.

லோரன்ஸ் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டு இன்னொரு முறை திறந்தார். நாக்கு எழவில்லை. பின்னால் பிள்ளையின் பெட்டி, எதிரே குன்று. அவர் சொல்லாமல் அந்த வண்டி நகராது. மனிதரின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

மின்னா அவர் பக்கம் திரும்பவில்லை. நேரே குதிரைகளின் காதுகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள். நான் சக்கரத்தை ஒட்டி நின்றதால் எனக்குக் கேட்டது.

"நானுந்தான் கேட்டேன்," என்றாள். "ஒண்ணொண்ணாத் தட்டச் சொல்லிக் கேட்டேன். எனக்கும் கிண்ணுன்னுதாங்க கேட்டுச்சு."

அவர் அவள் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். ஓடைத் தண்ணீர் சக்கரங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் நாக்கைச் சொடுக்கினார். சத்தம் சரியாக வரவில்லை, உடைந்துதான் வந்தது. குதிரைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. வண்டி கரையேறியது. நனைந்த சக்கரங்கள் குன்றின் உச்சி வரைக்கும் முனகவே இல்லை.